பாப்பாவின் பங்குப் பால்

மருத்துவமனைப் பால் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பொடியை எப்படி நிறுப்பது, புட்டிகளை எப்படிக் கொதிக்க வைப்பது என்பதெல்லாம் அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அவற்றைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். என்னை எழுதச் சொன்ன மேற்பார்வையாளரும், "அங்கிள், டெக்னிக்கல் வேணாம்லா. நடந்தத எழுதுங்க போதும்" என்றுதான் சொன்னார். டெக்னிக்கலாக எழுத எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன்.

விட்ட பிறகு கேரித் தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் பொறுக்கினேன். கிள்ளானில் லோரி அட்டெண்டன்டாக ஓடினேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, அங்கேயே மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போய், இடது கை மோதிர விரலின் நுனியை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எந்த வேலையும் எனக்கு ஒட்டியதில்லை. பஸ் நிலையத்தைக் கண்டாலே ஏறத் தோன்றும். நாற்பது வயதுக்கு மேல் இந்த மருத்துவமனைச் சமையலறையில் தற்காலிக ஆளாக நுழைந்தேன். பால் அறைக்கு யாரும் போக விரும்பவில்லை, அங்கே நாற்றம் என்றார்கள். என்னை அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்த நாற்றம் உங்களுக்கும் இப்போது பழகியிருக்கும். சில குழந்தைகளுக்கு மட்டும் நாம் கலக்கும் சிறப்புப் பொடியின் நாற்றம் அது. முதல் வாரம் அதைத் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அழுகிய உருளைக்கிழங்கில் உலோகத்தைத் தேய்த்ததுபோல் இருந்தது. இதையா பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள் என்று, உணவுமுறை எழுதித் தரும் எங்கள் டயட்டீஷியனிடம் கேட்டேன். அவர் மலாய்க்காரப் பெண், என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். நான் அவரை மரியாதைக்குப் புவான், அதாவது மேடம், என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். எங்கள் பேச்சு மலாயில்தான் நடக்கும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

புவான் ஒரு பழைய பெட்டி அட்டையைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். நடுவில் ஒரு கார்பன். அதற்கு நான்கு கைகள். ஒரு கையில் நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த கொத்து, அதுதான் அமினோ. இன்னொரு கையில் கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கொத்து, அது அமிலம். மூன்றாவது கையில் ஒற்றை ஹைட்ரஜன். "இந்த மூணும் எல்லா அமினோ அமிலத்துக்கும் ஒண்ணுதான் அங்கிள். நாலாவது கையில என்ன இருக்கோ, அதுலதான் ஆள் மாறுது." ஒன்றில் அந்தக் கையிலும் வெறும் ஹைட்ரஜன்தான். ஒன்றில் கந்தகம் இருக்கும். ஒன்றில் ஆறு கார்பன்கள் வளையம் கட்டி உட்கார்ந்திருக்கும். ஒன்றின் அமிலக் கை அடுத்ததன் அமினோக் கையைப் பிடிக்கும். அப்படியே நீள நீளமாகக் கோத்துக்கொண்டால் அதுதான் புரதம். பால், மீன், பருப்பு, நம் சதை எல்லாவற்றிலும் அந்தக் கோவைதான். நம் பொடியில் கோவை கிடையாது, பிரித்துப்போட்ட துண்டுகள். அதனால்தான் அந்த ருசி.

வளையம் வைத்திருக்கிறதே, அதன் பெயர் பினைல்அலனின். நம் ஈரல் அந்த வளையத்தின் நுனியில் ஓர் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் ஒட்டி அதை வேறு ஒன்றாக மாற்றிவிடும். அதைச் செய்ய முடியாமல் சில குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். அதனால் அந்த ஒன்றை நீக்கிவிட்டு மற்றத் துண்டுகளையெல்லாம் சேர்த்த பொடி. அந்த ஒன்றும் அறவே இல்லாமல் எந்த உடம்பும் வளராது. எனவே சாதாரணப் பால்மாவு கொஞ்சம், மிகக் கொஞ்சம், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து பொடியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

இவ்வளவு தெரிந்தால் நான் சொல்லவந்தது விளங்கும்.

தேவி என்று ஒரு பெண். கேரித் தீவில் இருந்தாள். கணவன் குணா செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறவன். முதல் குழந்தை, பெண். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுத்த ரத்தத்திலேயே இந்தக் குறை தெரிந்துவிட்டது. தேவி ஒரு தவணையும் தவறாமல் வந்தாள். பொடி கலக்க நான்தான் அவளுக்குச் செய்து காட்டினேன். என்னைவிடச் சுத்தமாகச் செய்வாள். குழந்தைக்குக் காதில் புள்ளிக் கம்மல், கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. அழகாக வளர்ந்தது.

ஆறு மாதம் ஆகும் நேரத்தில் வளர்ச்சி நின்றது. எடை ஏறவில்லை. இடுப்புமடிப்பில் தோல் சிவந்து உரிந்தது. ரத்தத்தில் பினைல்அலனின் அளவு மேலே போயிருந்தது. தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

அன்று கிளினிக் அறைக்கு நான் பொடி டின்களைக் கொண்டுபோனேன். சின்ன அறை. இளம் டாக்டர் ஒருவர், புவான், குணா, தேவி, மடியில் பாப்பா. கிள்ளானிலிருந்து குணாவின் அக்காவும் வந்திருந்தார். டாக்டர் மலாயில் சொன்னார்: வீட்டில் யாரோ குழந்தைக்கு அளவுக்கு மேல் பால் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் இந்த அளவு ஏறாது.

குணா மனைவி பக்கம் திரும்பினான். "கேட்டியா? யாரோ குடுக்கறாங்களாம். நான் விடிஞ்சா லோரில இருக்கேன். வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நான் குடுக்கல."

"அப்ப பூனையா வந்து குடுத்துச்சு?"

"டேய், சும்மா இருடா" என்றார் அக்கா. பிறகு தேவியின் முழங்காலில் கைவைத்தார். "அழுவுற புள்ளைய பாத்தா எந்தத் தாய்க்கும் கை நிக்காதுடி. சொல்லிடு, யாரும் திட்ட மாட்டோம். பாப்பாவ கொஞ்ச நாளு நான் கிள்ளானுக்குக் கொண்டு போறேன். எனக்கு ரெண்டு புள்ள வளத்த பழக்கம் இருக்கு. சரியானதும் வந்து தூக்கிக்க."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் குணா தலையாட்டியதைத் தேவி பார்த்துவிட்டாள். பாப்பாவை அவள் பிடித்திருந்த பிடி இறுகியது. அதுவரை மலாயில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அதன் பிறகு தமிழ்தான் வந்தது.

"புள்ளைய யாருக்கும் குடுக்க மாட்டேன். முருகன் சத்தியமா பொடி மட்டுந்தான், ஒரு சொட்டுப் பால் குடுக்கல. தைப்பூசம் முடியிற வரைக்கும் குடுக்கவும் மாட்டேன்!"

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் குணா, "தான் கொடுக்கவில்லை என்கிறாள், அவ்வளவுதான்" என்று மலாயில் முடித்துவிட்டான். அக்கா என் சட்டைக்கையை மெல்ல இழுத்தார். "அண்ணே, அந்தத் தைப்பூசப் பேச்செல்லாம் டாக்டர்கிட்ட வேணாண்ணே. நம்மள பட்டிக்காடுன்னு நெனைப்பாங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் இது வரும். தமிழ் தெரிந்த ஆள் என்று உங்களைக் கூப்பிடுவார்கள். குடும்பத்தார் ஒன்றை மறைக்கச் சொல்வார்கள், டாக்டருக்கு நேரம் இருக்காது, சுருக்கிச் சொன்னால் எல்லோருக்கும் வேலை முடியும். சுருக்காதீர்கள். எது முக்கியம் என்று தீர்மானிக்கும் வேலை நம்முடையது அல்ல. தேவி சொன்னது எனக்கும் அப்போது விளங்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னதைத் தைப்பூசத்தோடு சேர்த்து, ஒரு சொல்லும் விடாமல் மலாயில் சொன்னேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்த புவான் கையை எடுத்தார்.

"ஒரு சொட்டும் இல்லையா? நான் அளந்து கொடுக்கச் சொன்னேனே, அந்தச் சிரிஞ்சுப் பால்?"

நான் கேட்டேன். தேவி பாப்பாவின் தலையைத் தடவினாள். பிறகு சொன்னாள்.

"அத சாமிக்குக் குடுத்துட்டேன் அங்கிள்."

"எப்படிம்மா?"

"எங்க லயத்து வீடுங்ககிட்ட, செம்பனையோரத்துல ஒரு வேல் நட்டு வச்சிருக்காங்க. காலையில குளிச்சிட்டுப் போயி, பாப்பா பங்குப் பால கலக்கி, அந்தச் சிரிஞ்சாலயே வேல்மேல விட்டுட்டு வருவேன். பால்தான இந்தப் புள்ளைக்கு எதிரி? முருகா, என் புள்ள பங்குப் பாலு எல்லாம் ஒனக்கு, தைப்பூசத்துக்குக் கொடம் எடுத்து வரேன், அதுவரைக்கும் அது வாயில பாலு படாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

குணா வாயைப் பிளந்தான். "டின் பால்மாவுலயாடி அபிஷேகம் பண்ண?"

"சாமி ஒண்ணும் கேக்கல" என்றாள் தேவி. "நீங்கதான் கேக்கறீங்க."

நான் மலாயில் சொல்லி முடித்ததும் புவான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். டாக்டர் பாப்பாவின் தொடையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு புவான் எங்கள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"உடம்பு வளர அந்த வளையத் துண்டு கொஞ்சம் வேணும். வெளியில இருந்து அது வரவே இல்லேன்னா, உடம்பு தன் சதைய உடைச்சு எடுத்துக்கும். சதை உடைஞ்சா அதுக்குள்ள கோத்திருந்த துண்டெல்லாம் ரத்தத்துல கொட்டும். அதனாலதான் அளவு ஏறியிருக்கு. யாரும் பால் குடுக்கல. பாப்பா தன்னையே தின்னுக்கிட்டிருக்கு."

கடைசி வாக்கியத்தையும் மாற்றாமல் அப்படியே சொன்னேன். குணா சுவரில் சாய்ந்தான். அக்கா, "ஐயோ" என்றார். தேவி அழவில்லை. பாப்பாவின் காலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, அதன் எடையைப் பார்ப்பதுபோல் இருந்தாள்.

குணாவுக்கு அதன் பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பியது. "இப்பவே பால குடு. வேண்டுதலாவது ஒண்ணாவது, தூக்கிப் போடு!"

"வாக்கு குடுத்துட்டேங்க. மீறினா சாமி என்னைக் கேக்காது. புள்ளையத்தான் கேக்கும்."

"குடுக்காமலே கேட்டுக்கிட்டுத்தான இருக்கு!"

டாக்டர் எழுந்துவிட்டார். குழந்தையை இன்றே வார்டில் சேர்க்க வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "அங்கிள், கடவுள் ஒன்றும் நினைக்க மாட்டார் என்று நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் சாமிதானே, உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அவர் நல்லவர். அவசரம் அவருக்கு. ஆனால் முருகன் சார்பில் பேச எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. நான் பேசினாலும் தேவி நம்பப் போவதில்லை. அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பயத்தில் மறுபடி சிரிஞ்சோடு வேலுக்கே போவாள். பல ஊர்களில் பலர் வீட்டுத் தாழ்வாரங்களில் தூங்கியிருக்கிறேன்; வேண்டுதலைப் பேச்சால் கலைத்த ஒருவரையும் பார்த்ததில்லை. ஆகவே வேறு ஒன்று கேட்டேன்.

"தேவி, வேல் முன்னால நின்னு என்ன சொன்னே? சொன்னதச் சொன்னபடியே சொல்லும்மா. பால்னு மட்டும் சொன்னியா, இல்ல சாப்பாடே குடுக்க மாட்டேன்னு சொன்னியா?"

"பாலுதான் அங்கிள். சாப்பாட்டப் பத்தி நான் ஏன் சொல்லப்போறேன்? அது இன்னும் சோறே திங்கலியே."

இதைப் புவானிடம் அப்படியே சொன்னேன். எனக்கு அதற்கு மேல் திட்டம் எதுவும் இல்லை. புவான் என்னையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பா தலை நிமிர்த்தி, தேவியின் மடியில் சாய்மானத்தோடு உட்கார்ந்திருந்தது. புவான் டாக்டரிடம், "சோறு கொடுக்கும் வயது வந்துவிட்டது" என்றார்.

அரிசியிலும் புரதம் இருக்கிறது, அதிலும் அந்த வளையத் துண்டு இருக்கிறது என்று அவர் விளக்கினார். பாலில் கொஞ்சத்திலேயே நிறைய இருக்கும், அரிசியில் கொஞ்சமாகப் பரவியிருக்கும். நிறுத்துக் கஞ்சியாக்கி, உருளைக்கிழங்கும் சேர்த்து, பகல் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் கணக்கு சரியாகும். டாக்டர் யோசித்தார். வார்டில் வைத்துக் கொடுப்போம், அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு இறங்காவிட்டால் பால்தான், அப்போது பேச்சே இல்லை என்றார்.

எல்லோருக்கும் நிம்மதி. குணா கும்பிடவே தொடங்கிவிட்டான். தேவிக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"பால்ல இருக்கற அதே சாமான்தான் சோத்துலயும் இருக்குன்னா, சோத்துக்குள்ள பாலு இருக்குன்னுதான அர்த்தம்? சாமிய ஏமாத்தச் சொல்றீங்களா?"

"போச்சுடா" என்றான் குணா.

"சும்மா இருங்க அண்ணே" என்றேன். அவன் என்னைவிட இருபது வயது சின்னவன். கோபத்தில் வாயில் வந்துவிட்டது. தேவியின் கேள்வி சரியான கேள்வி. அதைப் புவானுக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த கையுறைப் பெட்டியைத் திருப்பி, எனக்கு வரைந்த அதே படத்தைத் தேவிக்கு வரைந்தார். நடுவில் கார்பன், நான்கு கைகள், கடைசியில் வளையம்.

"இத மாடு செய்யல. மாட்டுக்கும் இத செய்யத் தெரியாது, எனக்கும் தெரியாது. புல்லு செய்யும், நெல்லு செய்யும். காத்துல இருந்தும் மண்ணுல இருந்தும் எடுத்துச் செய்யும். மாடு புல்லத் தின்னு பால்ல கோத்து வைக்கிது. நெல்லு அரிசியில கோத்து வைக்கிது. பாலு வேற, அரிசி வேற. ரெண்டுலயும் இருக்கற இந்தத் துண்டு பாலும் இல்ல, அரிசியும் இல்ல."

நான் தமிழில் சொல்லச் சொல்ல, தேவி அந்த வளையத்தின்மேல் விரல் வைத்து ஒவ்வொரு மூலையாகத் தொட்டாள்.

"அப்ப வளையம் பால்லதான் பொறந்ததுன்னு இல்ல."

"இல்ல."

"மண்ணுல பொறந்தது."

புவானிடம் கேட்டுச் சொன்னேன். "செடியில பொறந்தது."

அவள் விரல் வளையத்தை இன்னொரு முறை சுற்றி வந்தது. டாக்டர் கதவுப்பிடியில் கைவைத்தபடி நின்றார். வெளியில் வேறு குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. யாராவது இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அவசர நேரத்தில் பேசாமல் நிற்பதற்கும் பழகிக்கொள்ளுங்கள். குணாகூட நின்றான்.

"அரிசிய நான்தான் கழுவுவேன்" என்றாள் தேவி.

பால் அறைக்குள் வெளியாள் வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அரிசியை நான் நிறுத்துக் கிண்ணத்தில் போட்டு, வார்டின் சின்னச் சமையலறையான பேன்ட்ரிக்குக் கொண்டுபோனேன். புவானிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். தேவி கழுவினாள், ஓர் அரிசிகூடச் சிந்தாமல் இருக்க நான் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். குழைய வெந்ததும் மசித்து, ஆறவைத்தோம். கிள்ளான் அக்கா எங்கிருந்தோ ஒரு வெள்ளிக் கரண்டி கொண்டுவந்தார். முதல் வாயைப் பாப்பா துப்பிவிட்டது. துப்பியதைத் தேவி தாடையிலிருந்து வழித்து மறுபடி ஊட்டினாள். இரண்டாம் முறை போயிற்று.

இது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் வழி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பாப்பாவுக்கு வயது வந்திருந்தது, பக்கத்தில் புவான் இருந்தார், டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நாமாக ஒரு கரண்டி கூட்டவோ குறைக்கவோ கூடாது. நான் சொல்வது வேறு. அளவு ஏறினால் தாய் திருடினாள் என்றுதான் முதலில் தோன்றும். அவள் என்ன செய்கிறாள் என்பதோடு, எதற்காகச் செய்கிறாள், யாருக்கு என்ன வாக்கு கொடுத்திருக்கிறாள் என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்காமல் எழுதித் தரும் உணவுமுறை வீட்டு வாசல் வரைதான் போகும்.

வார்டில் முதல் பரிசோதனையில் அளவு கொஞ்சம்தான் இறங்கியது. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" என்றார். தேவி தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்கு வரும்போதெல்லாம் விழித்துத்தான் இருந்தாள். அடுத்த முடிவைப் புவான் கையில் எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடிவந்தார். இறங்கியிருந்தது. இடுப்பில் தோல் ஆறத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் அன்று, புதுப் பொடி டின்களோடு நான் வார்டுக்குப் போனேன். அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "வாரத்துக்கு ரெண்டு நாளு நான் தீவுக்கு வந்துடறேன்டி. நீ சொல்லிக் குடு, நான் செய்யறேன்" என்று தேவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலில் குணா சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினான். கரண்டி போகும்போதெல்லாம் பாப்பாவோடு சேர்ந்து அவன் வாயும் திறந்தது.

"நெறைய எடுக்காதீங்க" என்றாள் தேவி. "கால் கரண்டி."

"கேக்குதே புள்ள."

"கேக்கும். கால் கரண்டிதான்."

அவன் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்து, அவளிடம் நீட்டிக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். சரி என்று அவள் தலையசைத்த பிறகுதான் அது பாப்பாவின் வாய்க்குப் போனது.